கோழி மருந்தோடு வைத்த ஐந்து குப்பிகள்

அந்தக் குப்பியில் இருந்த மருந்து உறைந்து உருகியதா, இல்லையா? ஒரு வருடம் ஆகப் போகிறது, எனக்கு இன்னும் தெரியவில்லை. மருத்துவரைக் கேட்டுவிட்டேன். மருந்துக் கடையில் கேட்டுவிட்டேன். எல்லோரும் ஒன்றைத்தான் சொன்னார்கள். உறைந்து உருகிய இன்சுலினையும் நல்ல இன்சுலினையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தாலும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். இரண்டும் தண்ணீர் மாதிரித் தெளிவாகவே இருக்கலாம்.

என் மகளுக்கு நான்கு வயதில் சர்க்கரை நோய் வந்தது. பெரியவர்களுக்கு வருகிற வகை அல்ல. மாத்திரை கிடையாது, பத்தியம் இருந்து சரியாவதும் கிடையாது, ஊசி மட்டும்தான். மூன்று வேளைச் சாப்பாட்டுக்கும் முன்னால் வேகமாக வேலை செய்கிற மருந்து. இரவுச் சாப்பாட்டோடு, நாள் முழுக்க மெதுவாக வேலை செய்கிற இன்னொரு மருந்து. நான் கணக்கில் பட்டம் வாங்கியவள். திருமணத்துக்கு முன் இரண்டு வருடம் பள்ளியில் சொல்லிக் கொடுத்தேன். வீட்டில் நான் போடுவதெல்லாம் இரண்டு இட்லிக்கு எத்தனை யூனிட், அரை டம்ளர் பாலுக்கு எத்தனை யூனிட் என்கிற கணக்குதான். விடை சரியா தவறா என்பது இரண்டு மணி நேரம் கழித்து அவள் விரல் நுனியிலிருந்து எடுக்கிற ஒரு சொட்டு ரத்தத்தில் தெரியும்.

எங்கள் வீடு பரமத்தி வேலூரிலிருந்து உள்ளே தள்ளி, தோட்டத்துக்குள் இருக்கிறது. பேருந்துச் சாலைக்கும் எங்களுக்கும் நடுவில் ஓர் ஓடை. அதன் மேல் தரைப்பாலம். பெரிய மழை பெய்தால் பாலத்தின் மேல் தண்ணீர் போகும், இந்தப் பக்கம் இருப்பவர்கள் இந்தப் பக்கமே இருக்க வேண்டியதுதான். என் கணவர் போர்வெல் போடும் ரிக் வண்டியோடு வடக்கே போய்விட்டால் பல மாதம் கழித்துத்தான் வருவார். அடுத்த தோட்டத்தில் அவருடைய அண்ணன் குடும்பம். அவர்களுக்குக் கோழிப்பண்ணை, முட்டைக்கோழி. அண்ணன் வியாபாரத்துக்காக எந்நேரமும் வெளியூரில் இருப்பார். பண்ணையை நடத்துவது அவர் மனைவிதான். நான் அவரை அக்கா என்று கூப்பிடுகிறேன். என் மகளுக்குப் பெரியம்மா.

அந்த அக்காவைப் பற்றி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். குழந்தைக்கு ஊசி போட வேண்டும் என்று மருத்துவமனையில் சொன்ன அன்று என் அம்மா அழுதார், என் கணவர் வெளியே எழுந்து போய்விட்டார், நான் ஊசியைத் தொடவே பயந்தேன். அக்கா மட்டும் நர்சிடம் போய், "எங்க குத்தோணும், காட்டுங்க கண்ணு" என்று கேட்டார். ஆயிரக்கணக்கில் கோழிக்குத் தடுப்பூசி போட்ட கை அது. வீட்டில் என்னைத் தவிர அவளுக்கு ஊசி போடுகிற ஒரே ஆள் இன்றுவரை அவர்தான். நான் போட்டால் என் மகள் முகத்தைச் சுளிப்பாள். பெரியம்மா போட்டால் சிரிப்பாள். "துள்ளாத சாமி, இறக்கை முறிஞ்சிரும்" என்பார் அக்கா. அதைக் கேட்பதற்காகவே வேண்டுமென்று துள்ளுவாள்.

போன வருடம் ஐப்பசி பிறந்ததும் நான் தயாராக ஆரம்பித்தேன். புயல் என்றால் கடலோரத்துக்காரர்கள் பாடு என்றுதான் எங்கள் ஊரில் நினைப்பார்கள். ஆனால் இப்போதெல்லாம் புயல் கரையைத் தாண்டியதும் அடங்குவதில்லை. வலுக்குறைந்து மழையாக மாறி நேராக எங்கள் பக்கம் வந்து நின்றுவிடுகிறது. கைப்பேசியில் வானிலை சொல்கிற நான்கைந்து பேரை நான் விடாமல் பார்க்கிறேன். ஒருவர் சொல்வதை இன்னொருவர் மறுத்தால் இரண்டையும் நம்பிப் பயப்படுவேன்.

கூடுதலாக ஒரு சிலிண்டர் எடுத்து வைத்தேன். மாடித் தொட்டியை நிரப்பி, தவலை, அண்டா எல்லாவற்றிலும் தண்ணீர் பிடித்தேன். கூரைத் தகட்டின் மேல் பழைய டயர்களை ஏற்றச் செய்தேன். வீட்டை ஒட்டி நின்ற தென்னையில் காய்களையும் தொங்கிய மட்டைகளையும் இறக்கச் சொன்னேன். டார்ச், மெழுகுவத்தி, குளுக்கோஸ் பொட்டலம், சர்க்கரை பார்க்கும் கருவிக்கு மாற்று பேட்டரி, சிறுநீரில் கீட்டோன் பார்க்கும் பட்டைகள். கீட்டோன் என்பது, இன்சுலின் போதாமல் உடம்பு கொழுப்பை எரிக்க ஆரம்பித்தால் வருவது. அது ஏறினால் வாந்தி வரும், மூச்சு வாங்கும், உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இரண்டு மாதத்துக்குத் தேவையான இன்சுலினையும் வாங்கிவிட்டேன். பிரிக்காத குப்பிகள் ஐந்து. அவற்றைக் குளிர்ப்பெட்டியில் வைக்க வேண்டும்.

அங்கேதான் என் பயம் வந்து நின்றது. இரண்டு நாள் மின்சாரம் இல்லையென்றால் ஐந்தும் என்ன ஆகும்?

புயல் வருவதற்கு இரண்டு நாள் முன்பு அக்காவிடம் இதைச் சொன்னேன். பண்ணையில் மழைச் சாரல் அடிக்காமலிருக்க ஷெட்டின் பக்கவாட்டில் படுதா கட்டிக்கொண்டிருந்தார்.

"ஏம் புள்ள, கடலு எங்கியோ கெடக்குது. உன்ற போனுக்குள்ள மட்டும் எப்பிடிப் பொயலு வருது?"

"கரையத் தாண்டி நம்ம பக்கமாத்தான் வருமாமுங்க அக்கா. ரெண்டு மூணு நாளைக்குக் கரண்டு இருக்காதுன்னு சொல்றாங்க."

"காக்கா ஒக்காந்தாலே போற கரண்டு. அதச் சொல்ல ஒரு ஆளு வேற." படுதாக் கயிற்றைப் பல்லால் இழுத்து முடிச்சுப் போட்டுவிட்டுத் திரும்பினார். "சரி, கொண்டா இங்க. என்ற கோழி மருந்துப் பொட்டி இருக்குது, ஜெனரேட்டர் இருக்குது. உன்ற ஊட்டுல என்ன இருக்குது, மெழுகுவத்தியா?"

ஊதா நிற டிபன் டப்பாவில் ஐந்து குப்பிகளையும் அடுக்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கோழித் தடுப்பு மருந்து வைக்கிற குளிர்ப்பெட்டி தீவன அறையின் மூலையில் இருந்தது. என் மகள் அதை எட்டிப் பார்த்தாள்.

"பெரியம்மா, என்ற மருந்த கோழி குடிச்சிருமா?"

"குடிச்சா என்ன சாமி, சக்கரை இல்லாத முட்டையாப் போடும். வெலை அதிகமா விக்கலாம்."

அப்போது ஒரு வாக்கியம் சொல்லியிருக்க வேண்டும். 'உறைய விடக் கூடாதுங்க அக்கா, கீழ் அறையிலேயே இருக்கட்டும்.' அவ்வளவுதான். அந்தக் குப்பி வருகிற அட்டைப் பெட்டியிலேயே அது அச்சாகியிருக்கிறது. நான் பலமுறை படித்திருக்கிறேன். அன்று ஏன் சொல்லவில்லை என்றால், குளிர்ப்பெட்டி என்று அவர் சொன்னதும் எனக்கு எங்கள் வீட்டுக் குளிர்ப்பெட்டியின் கதவுத் தட்டுதான் மனதில் வந்தது. தடுப்பு மருந்தைப் பத்து வருடமாகக் கையாளும் ஒருவருக்கு நான் பாடம் எடுப்பதா என்கிற கூச்சமும் இருந்திருக்கலாம். எது என்று என்னால் பிரிக்க முடியவில்லை.

மூன்றாம் நாள் விடியும்போதே காற்று வந்துவிட்டது. எட்டு மணிக்கு மின்சாரம் போனது. கிழக்குப் பக்கத்து வாழைத் தோட்டம் மதியத்துக்குள் முழுக்கச் சாய்ந்துவிட்டது. குலை தள்ளிய மரங்கள் எல்லாம் ஒரே திசையில் படுத்திருந்தன. மாலைக்குள் கைப்பேசியில் சிக்னலும் போய்விட்டது. என் மகள் வாசலில் தேங்கிய தண்ணீரில் ஆடிவிட்டு வந்து தும்மினாள். தலையைத் துவட்டி, இரண்டு சட்டை போட்டுவிட்டேன். அன்றைக்கு எல்லா அளவும் ஒழுங்காகவே இருந்தது. கையிலிருந்த பழைய குப்பிகளை ஈரத் துணியில் சுற்றி ஒரு சொம்புக்குள் வைத்திருந்தேன். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. எல்லாம் செய்துவிட்டேன் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை, நான் செய்த வேலை இது. பிரித்த குப்பியை இருபத்தெட்டு நாளுக்கு மேல் பயன்படுத்தக் கூடாது என்று மருத்துவமனையில் சொல்லியிருந்தார்கள். பிரித்த தேதியை ஒவ்வொரு குப்பியின் மேலும் எழுதி ஒட்டுவேன். வேக மருந்துக் குப்பிக்கு அன்றோடு இருபத்தெட்டு முடிந்தது. சின்னக் குழந்தைக்குப் போடுகிற அளவு கொஞ்சம் என்பதால் எப்போதும் பாதிக்கு மேல் மிஞ்சும். மிஞ்சியதை யாரும் எடுத்துப் பயன்படுத்திவிடக் கூடாது என்று ஊசியால் உறிஞ்சி வாஷ்பேசினில் விட்டுவிடுவேன். அன்றும் அப்படியே செய்தேன். வெளியே மழை கொட்டுகிறது, பாலத்தின் மேல் தண்ணீர் போகிறது, நான் நல்ல மருந்தை வாஷ்பேசினில் விட்டுக்கொண்டு நிற்கிறேன். விதி என்றால் விதிதான் என்று இருந்துவிட்டேன். யோசிக்கவே இல்லை.

புதுக் குப்பி வாங்கக் குடை பிடித்துப் பண்ணைக்குப் போனேன். அக்கா சாக்கைக் கொங்காடையாக மடித்துத் தலையில் மாட்டிக்கொண்டு, ஒழுகும் தீவன அறையிலிருந்து மூட்டைகளை இழுத்துக்கொண்டிருந்தார். முட்டை ஏற்ற வந்த லாரி ஒன்று பாலத்தைத் தாண்ட முடியாமல் முந்தின நாளே அங்கே மாட்டிக்கொண்டு நின்றது. அதன் ஓட்டுநரும் மூட்டை இழுத்தார்.

"வேக மருந்து ஒண்ணு வேணுமுங்க அக்கா. மஞ்சள் மூடி."

"நீ உள்ள வராத, சேறு. இரு, நானே எடுத்தாரேன்."

ஒரு நிமிடத்தில் குப்பி என் உள்ளங்கையில் இருந்தது. சில்லென்று இருந்தது. குளிர்ந்த மருந்து வலிக்கும் என்பதால் வழக்கம்போல் கைக்குள் வைத்துச் சூடாக்கிக்கொண்டே வீட்டுக்கு நடந்தேன்.

மதியச் சாப்பாட்டுக்கு அதிலிருந்து ஊசி போட்டேன். மாலை நான்கு மணிக்குப் பார்த்தால் இருநூற்றுத் தொண்ணூறு. ரசம் சாதத்துக்கு இவ்வளவு ஏறாது. விரலில் இனிப்பு ஒட்டியிருக்குமோ என்று கையைக் கழுவிவிட்டு மறுபடி பார்த்தேன். இருநூற்று எண்பத்தாறு. நெற்றி லேசாகச் சுட்டது. காய்ச்சல் வந்தாலும் சர்க்கரை ஏறும். அதனால்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரவுச் சாப்பாட்டுக்கு முன் கொஞ்சம் கூட்டிப் போட்டேன். காலையில் எழுந்ததும் முந்நூற்று எழுபத்திரண்டு. கீட்டோன் பட்டையின் நுனி நாவல் பழ நிறத்துக்கு மாறியிருந்தது. தண்ணீர் தண்ணீர் என்று கேட்டாள். ஒரு சொம்பு குடித்துவிட்டு மறுபடி கேட்டாள். இந்தத் தாகத்தை நான் இரண்டு வருடம் முன்பு பார்த்திருக்கிறேன். நோய் இருப்பது தெரியாமல், வெயில் அதிகம் என்று நினைத்துக்கொண்டிருந்த நாட்களில்.

அவளைத் தோளில் போட்டுக்கொண்டு பண்ணைக்கு ஓடினேன். அங்கே போனால் ஜெனரேட்டரில் கைப்பேசிக்குச் சார்ஜ் ஏற்றலாம், எங்காவது சிக்னல் கிடைத்தால் மருத்துவரைக் கேட்கலாம் என்பது எண்ணம். அக்கா கோழி மருந்துப் பெட்டியைத் திறந்துவைத்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். கதவு முழுக்கத் திறந்திருந்ததால் எனக்கும் தெரிந்தது. கீழ்த் தட்டுகள் காலி. மேலே, ஐஸ் உறைகிற அறையில், தண்ணீர் நிரப்பி உறைய வைத்த பிளாஸ்டிக் பாட்டில்கள் நெருக்கமாக அடுக்கியிருந்தன. அவற்றுக்கு நடுவில் கோழி மருந்துகள். அவற்றோடு என் ஊதா டிபன் டப்பா.

"இது எப்பிடிங்க அக்கா மேல போச்சு?"

"நாந்தான் ஏத்துனேன். நீ குடுத்துட்டுப் போன அன்னைக்கே. ஜெனரேட்டர் நாள் பூராவும் ஓடாது புள்ள, டீசலு எங்க இருக்குது? தண்ணி ஏத்தறதுக்கும் லைட்டுக்கும் காலையில சாயங்காலம் ரெண்டு மணி நேரம். அதான் பொயலுக்கு முந்தியே எல்லாத்தையும் ஐசுக்குள்ள வெச்சுப்போட்டேன், ரெண்டு நாள் தாக்குப் புடிக்கட்டும்னு. கோழி மருந்துக்கு எப்பவும் அப்பிடித்தான் பண்ணுவோம்." டப்பாவை எடுத்து என் கையில் வைத்தார். "தொட்டுப் பாரு. ஊருல ஒருத்தன் ஊட்டுலயும் இன்னைக்கு இத்தன சில்லுனு ஒரு பொருளும் இருக்காது."

அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் பார்த்தேன். டப்பாவைத் திறந்தேன். மிச்சமிருந்த நான்கு குப்பிகளும் வியர்த்திருந்தன. ஆட்டிப் பார்த்தேன், உள்ளே மருந்து அசைந்தது. உறைந்திருக்கவில்லை. ஆனால் பாட்டில்களில் இருந்த ஐஸும் பாதி உருகித்தான் இருந்தது. மின்சாரம் போவதற்கு முன்னால் அந்த அறையில் இரண்டு இரவுகள் இவை இருந்திருக்கின்றன. அப்போது உறைந்தனவா? அக்கா டப்பாவைத் துணியில் சுற்றி வைத்தாராம். துணி காப்பாற்றியதா? யாருக்குத் தெரியும்.

உறைந்த இன்சுலினுக்கு வேகம் போய்விடும். முழுக்கப் போகலாம், பாதி போகலாம். இது கோழி மருந்து மாதிரி அல்ல என்று அக்காவிடம் சொல்ல வாயைத் திறந்தேன். தோளில் இருந்த குழந்தை, "பெரியம்மா, வயிறு வலிக்குது" என்றாள்.

காலை ஊசி இன்னும் போடவில்லை. கையில் இருக்கிற வேக மருந்து அந்தக் குப்பி ஒன்றுதான், அல்லது அதோடு ஒன்றாக இருந்த நான்கு. மருந்து செத்திருந்தால் எத்தனை யூனிட் போட்டாலும் தண்ணீர். நன்றாக இருந்து, ஏற்றத்துக்குக் காய்ச்சல்தான் காரணம் என்றால், பயத்தில் நான் கூட்டிப் போடுவது அவளைத் தாழ் சர்க்கரையில் மயக்கமடையச் செய்யும். வலிப்புகூட வரலாம். கேட்க ஆள் இல்லை, சிக்னல் இல்லை. கையோடு கொண்டுவந்திருந்த குப்பியிலிருந்து சிரிஞ்சில் ஏற்றினேன், காற்றுக் குமிழி வந்தது, தட்டினேன், மறுபடி வந்தது.

"கொண்டா இங்க," என்று அக்கா சிரிஞ்சை வாங்கினார். "எத்தன போடோணும்?"

நான்கு என்று சொல்ல நினைத்தேன். இரண்டு என்றும் நினைத்தேன்.

"மூணுங்க அக்கா." அது வழக்கமான அளவு.

அவர் கை அசையவே இல்லை. என் மகள் துள்ளவில்லை. "ஏஞ்சாமி, இன்னைக்குக் கோழி துள்ளலியே?" என்று கேட்டவர், பதில் வராததைக் கவனித்து என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு எதுவும் கேட்காமல் லாரி ஓட்டுநரைக் கூப்பிட்டார்.

"பாப்பாவ ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகோணும். வண்டிய எடு."

"தண்ணி இன்னும் போவுதுங் அக்கா. காலி வண்டிய ஓடை இழுத்துருமுங்."

"காலியா எதுக்குப் போறே? நனைஞ்ச தீவனம் பூரா இங்கதான் கெடக்குது. ஏத்து."

பண்ணையில் இருந்த நான்கு ஆட்களும் அக்காவும் சேர்ந்து மூட்டை ஏற்றினார்கள். நனைந்த தீவனம் இரண்டு மடங்கு கனக்கும். வண்டி உட்காரும்வரை ஏற்றினார்கள். நான் குழந்தையோடு முன்னால் ஏறி உட்கார்ந்து தண்ணீர் கொடுத்துக்கொண்டே இருந்தேன். அக்கா ஷெட்டை விட்டு வர முடியாது. ஒரு பக்கத்துப் படுதா கிழிந்து கோழிகள் நனைந்துகொண்டிருந்தன. கதவருகே வந்து, "பயப்படாத புள்ள, மருந்து சில்லுனுதான இருந்துச்சு, அதுக்கு ஒண்ணும் ஆயிருக்காது" என்றார்.

தலையை ஆட்டினேன்.

ஓடைக்கரையில் வண்டியை நிறுத்திவிட்டார் ஓட்டுநர். பாலத்தின் ஓரங்களில் நட்டிருக்கும் கற்கள் தண்ணீருக்குள் இருந்தன. "கல்லோட தலை தெரியட்டுமுங்க. பாலம் எங்க முடியுதுன்னு தெரியாம எறங்க மாட்டேன்," என்றார். அவர் சொன்னது சரி. அந்த ஒரு மணி நேரத்தில் நான் மூன்று முறை இறங்கிப் போய்க் கற்களைப் பார்த்துவிட்டு வந்தேன். இரண்டு முறை சர்க்கரை பார்த்தேன். முந்நூற்று அறுபது, முந்நூற்று ஐம்பத்தைந்து. இறங்குகிறதா, இல்லை கருவியே இவ்வளவு முன்பின் காட்டுமா? மூன்று யூனிட்டுக்கு இதற்குள் இன்னும் இறங்கியிருக்க வேண்டும். இன்னொரு ஊசி போடலாமா? சிரிஞ்சை எடுத்தேன், வைத்தேன்.

"அம்மா, வாந்தி எடுக்கட்டுமா?" என்று அனுமதி கேட்டாள் என் மகள். பதில் சொல்வதற்குள் எடுத்துவிட்டாள்.

ஓட்டுநர் தன் துண்டை எடுத்துக் கொடுத்தார். "பரவால்லீங்க, முட்டை ஒடஞ்ச நாத்தத்தையே பொறுக்கற வண்டி" என்றார். கற்களை ஒருமுறை பார்த்தார். நுனிகள் தெரிய ஆரம்பித்திருந்தன. வண்டியைக் கீழ் கியரில் போட்டார். சக்கரத்தில் தண்ணீர் மோதுகிற சத்தம் என் கால்களுக்குக் கீழே கேட்டது. பாலத்தின் பாதியில் வண்டி ஒரு பக்கமாக லேசாக நகர்ந்தது போல் இருந்தது. எனக்கு அப்படித் தோன்றியதா, உண்மையிலேயே நகர்ந்ததா என்று அவரைக் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. குழந்தையோடு அந்தத் தண்ணீரில் இறங்கியது சரியா என்று இப்போதும் கேட்டுக்கொள்கிறேன். அவளைக் காப்பாற்றவா போனேன், மூன்று பேரையும் ஓடையில் விடவா போனேன்?

மருத்துவமனையில் மருத்துவர் முதலில் வேலையைப் பார்த்தார். கையில் சிறிய குழாய் ஏற்றி மருந்தும் தண்ணீரும் போகவிட்டார்கள். என் மகள் தூங்கிய பிறகுதான் என்னை உட்கார வைத்துக் கேட்டார். நான் குப்பியைக் காட்டி நடந்ததைச் சொன்னேன்.

"ஃப்ரீசர்ல யாரு வெச்சது?"

"நான்தான் மேடம்."

"படிச்சவங்கதானே நீங்க?"

"ஆமாங்க."

"பழைய குப்பில பாதி இருந்ததாச் சொன்னீங்களே, அது எங்க?"

"கொட்டிட்டேன். இருபத்தெட்டு நாள் ஆயிடுச்சுன்னு."

அவர் பேனாவை மேசை மேல் வைத்தார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம். ஒரு நாள் முன்பின் ஆனால் அது விஷமாகிவிடாது, வேறு வழி இல்லாதபோது அதையே போட்டிருக்கலாம் என்றார். பிரிக்காத குப்பிகளைக்கூட, மின்சாரம் இல்லாத சில நாட்களுக்கு, ஈர மணலில் வைத்த மண்சட்டியில் நிழலாக வைத்திருந்தால் போதும் என்றார். என் வீட்டில் செத்துக் கிடந்த குளிர்ப்பெட்டியிலேயே விட்டிருந்தால்கூட ஒன்றும் ஆகியிருக்காதாம். அப்புறம், தொண்டையைப் பார்த்ததாகவும் நன்றாகச் சிவந்திருப்பதாகவும் சொன்னார். "இந்தக் காய்ச்சலே இவ்வளவு ஏத்தியிருக்கலாம். மருந்து கெட்டுப்போயிருக்கலாம். ரெண்டும் சேர்ந்தும் இருக்கலாம். எனக்குச் சொல்லத் தெரியாது. அஞ்சையும் தூக்கிப் போட்டுடுங்க."

மூன்றாம் நாள் வீடு திரும்பினோம். பிரித்த குப்பியையும் டப்பாவோடு கொண்டுபோயிருந்த நான்கையும் வழியிலேயே மருந்துக் கடையில் கொடுத்து அப்புறப்படுத்தச் சொல்லிவிட்டு, புதிதாக ஐந்து வாங்கி, அதே ஊதா டப்பாவில் அடுக்கிக்கொண்டு வந்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்பது உங்களுக்குப் புரிந்திருக்கும். அக்கா வந்து டப்பாவைத் திறந்து பார்த்து எண்ணினார். நான்கு இருக்க வேண்டிய இடத்தில் ஐந்து. "ஆஸ்பத்திரியில ஒண்ணு குடுத்தாங்களா?" என்று அவரே கேட்டு, அவரே தலையாட்டிக்கொண்டார். அன்று மாலை அவர் தன் தங்கையிடம் கைப்பேசியில் பேசியது சமையலறைவரை கேட்டது. "நம்ம பொட்டி மட்டும் இல்லாட்டி அத்தனை மருந்தும் போயிருக்கும் அம்முணி. கொழந்தைக்குக் காச்சல்னு ஆஸ்பத்திரி போனாங்க, ஆனா மருந்துக்கு ஒரு கொறையும் வரல."

இரவு வடக்கேயிருந்து அழைத்த என் கணவரிடம் மட்டும் சொன்னேன். குழந்தை இப்போது எப்படி இருக்கிறாள் என்று முதலில் கேட்டார். பிறகு, "அண்ணிகிட்டச் சொல்லாத. சொன்னா அப்புறம் அவங்க ஊசியத் தொட மாட்டாங்க" என்றார். மறுநாள் அவரே அழைத்து, "இல்ல, சொல்லிப்போடு. மறுபடி அதையே பண்ணீட்டா?" என்றார். இரண்டு நாளும் அவர் சொன்னது எனக்குச் சரியாகவே பட்டது.

இது நடந்து ஐப்பசி மறுபடி பிறந்துவிட்டது. வங்கக் கடலில் ஏதோ ஒன்று உருவாகிறது என்று கைப்பேசியில் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். நான் இந்த முறை ஒரு மண்சட்டியும் ஆற்று மணலும் வாங்கி வைத்திருக்கிறேன். மருத்துவர் இப்படித்தான் வைக்கச் சொன்னார் என்று அக்காவிடம் சொல்லிப் பார்த்தேன். "மண்சட்டியிலயா? ஏம் புள்ள, அதென்ன தயிரா?" என்று சிரித்தார். போன வாரம் தீவன அறைக்குக் கூட்டிப் போய்க் காட்டினார். கோழி மருந்துப் பெட்டியின் மேல் அறையில் ஒரு பக்கத்தைச் சுத்தமாகத் துடைத்து, வெள்ளைத் துணி விரித்து, பாப்பாவுக்கு என்று ஒதுக்கி வைத்திருக்கிறார். அடியில் ஐஸ் பாட்டில்கள் ஏற்கெனவே உறைந்துகொண்டிருந்தன. கோழிக்கு இனிமேல் அந்தப் பக்கம் இடம் கிடையாது என்றார். என் மகள் அந்தத் துணியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பெரியம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

நான் காலையில் அவளுக்கு ஊசி போடுகிறேன். மதியம் பள்ளிக்குப் போய்ப் போடுவது அக்கா, ஏனென்றால் இந்த ஆண்டு நான் மறுபடி வேலைக்குப் போகிறேன். எனக்குக் காய்ச்சல் வந்தால், நான் வெளியூர் போனால், எனக்கே ஏதாவது ஆகிவிட்டால், அந்தக் கை ஒன்றுதான் இருக்கிறது. உண்மையைச் சொன்னால் அந்தக் கை நடுங்க ஆரம்பித்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. உறைய வைக்கக் கூடாது என்று மட்டும் சொன்னாலும், போன வருடம் என்ன ஆனது என்று அவரே கணக்குப் போட்டுவிடுவார். சொல்லாமல் விட்டால், நான் வீட்டில் இல்லாத ஒரு நாளில் அவரே அன்பாக டப்பாவைத் தூக்கிக்கொண்டுபோய் அந்த வெள்ளைத் துணியின் மேல் வைத்துவிடுவார்.

இதைப் படிக்கிறவர்களில் இப்படி ஒரு குழந்தையை வைத்திருப்பவர்கள் இருப்பீர்கள். நல்லது என்று நினைத்துத் தப்பாக ஒன்றைச் செய்துவிட்ட உறவினரிடம் அதைச் சொல்லி, அதற்குப் பிறகும் அவரை உங்கள் குழந்தையின் பக்கத்தில் வைத்துக்கொண்டவர்களும் இருப்பீர்கள். என்ன சொன்னீர்கள்? எந்தச் சொல்லில் ஆரம்பித்தீர்கள்? அடுத்த மழைக்குள் எனக்கு எழுதுங்கள்.